எடைக்குத் தண்ணி குடிச்சவன்

வெற்றிவேல் என் பேத்தி இலக்கியாவோட புருஷன். மாப்ளைன்னு மரியாதையாச் சொல்லணும்தான். ஆனா அவன் எங்க எதிர்வூட்டுல பொறந்து, எங்க தெருவுலயே மூக்கு ஒழுக ஓடின பையன். எனக்கு வாடா போடான்னுதான் வாய் வருது. அவனும் கோச்சிக்க மாட்டான். கள்ளக்குறிச்சியில ஒரு அரிசி மில்லுல மூட்டை தூக்குறது அவன் வேலை. குத்துச்சண்டை போடுறது அவன் பைத்தியம்.

பைத்தியம்னா இலக்கியாவுக்குக் கோவம் வரும். "வெளையாட்டுன்னு சொல்லு ஆயா" ம்பா. வெளையாட்டா இருந்தா மூக்கு ஏன் கோணுது? கல்யாணத்துக்கு வந்த சனம் முழுக்க மாப்ள மூக்கைப் பார்த்துட்டுத்தான் அட்சதை போட்டுச்சி. நான் பார்த்தேன்.

பைபாஸ் ஓரம் பஞ்சர் கடை வெச்சிருக்கிற பொன்னுரங்கம்தான் இவனுக்கு மாஸ்டர். கடைக்குப் பின்னால ஒரு தகரக் கொட்டாய். நாலு சவுக்குக் கம்பம் நட்டு, சுத்திக் கயிறு கட்டி, கீழ உமியைப் பரப்பி மேல தார்ப்பாய் போட்டிருக்கும். குத்துறதுக்கு லாரி டியூபை வெட்டித் தெச்சி, உமியும் மணலும் அடைச்சித் தொங்கவிட்ட பை. அந்த உமி அத்தனையும் மில்லுலேர்ந்து வெற்றிவேல் தலையில சுமந்துக்கினு வந்தது. கம்பம் நட்டதும் அவன்தான். அதனால அந்தக் கொட்டாயே தன்னுதுன்னு நெனச்சிக்கினு இருந்தான்.

அவன் ஆசைப்பட்டது ஒண்ணே ஒண்ணு. மாவட்டத்துல ஜெயிச்சி சென்னையில நடக்கிற மாநிலப் போட்டிக்குப் போகணும், அங்க ஒரு மெடல் வாங்கணும். மெடல் இருந்தா வெளையாட்டுக்காரங்களுக்குன்னு ஒதுக்கின போலீசு வேலைக்கு மனு போடலாமாம். அதுக்கும் வயசு வரம்பு இருக்கு. அந்த வரம்பு அவனுக்கு அந்த வருஷத்தோட முடிஞ்சிது. அந்தத் தடவை விட்டா அப்பால ஆயுசுக்கும் மில்லு மூட்டைதான். இது எங்க வூட்டுல அத்தனை பேருக்கும் தெரியும். வூட்டுல முட்டை வேகவெச்சா மொதல்ல அவன் தட்டுக்குத்தான் போகும்.

அந்த நேரம் பார்த்துத்தான் செல்லமுத்து மலையெறங்கி வந்தான்.

அவனுக்குக் கல்வராயன் மலை, வெள்ளிமலைப் பக்கம். மரவள்ளிக் கெழங்கு ஏத்தின லாரியில லோடுமேனா வந்தவன், டயர் பஞ்சர்னு பொன்னுரங்கம் கடையில நின்னிருக்கான். சும்மா நிக்கிறவன் சும்மா நிக்கக் கூடாதா? பின்னால போயி, தொங்குற பையைப் பார்த்து, வெறுங்கையால ஒண்ணு வெச்சிருக்கான். தையல் பிரிஞ்சி உமி கொட்டிப் போச்சி. மாஸ்டர் கையில இருந்த டியூபைத் தண்ணித் தொட்டியிலயே போட்டுட்டு எழுந்து வந்து அவனைப் பார்த்தாராம்.

"அந்தப் பார்வை இருக்கே ஆயா," ன்னு வெற்றிவேல் வூட்டுக்கு வந்து எங்கிட்ட சொன்னான். "நான் இத்தினி வருஷமா குத்திக்கினு இருக்கேன். ஒரு நாளு அவரு என்னை அப்படிப் பார்த்ததில்ல."

"பை நைஞ்சி போயிருக்கும்டா. நீ குத்திக் குத்தி நைஞ்சது. கடைசிக் குத்து அவனுது, அவ்ளோதான்."

"அதான் நானும் சொன்னேன். அதுக்கு மாஸ்டர் சிரிச்சாரு."

அந்தச் சிரிப்பு அவன் வயித்துல போய் உக்காந்துக்கிச்சி. படுத்தா தூக்கம் வரல.

செல்லமுத்து டவுன்லயே வேலை தேடிக்கினு, தெனம் கொட்டாய்க்கு வர ஆரம்பிச்சான். மேட்டுல ஏறியே வளர்ந்த காலு, எவ்ளோ ஓடினாலும் மூச்சு வாங்காது. இத்தப் பார்த்த வெற்றிவேல், மூட்டை தூக்கி முடிச்ச கையோட, உச்சி வெயில்ல கச்சிராயபாளையம் ரோட்டுல ஓட ஆரம்பிச்சான். செல்லமுத்து சாமைச் சோறு தின்னுதான் வளர்ந்தான்னு எவனோ சொல்லிட்டான். அன்னிலேர்ந்து எங்க வூட்டுல சாமை. அரிசி மில்லுல வேலை செய்யிறவன் வூட்டுல அரிசி வேகல. எனக்குச் சாமை ஒத்துக்காது. "எனக்குத் தனியா ஒரு பிடி அரிசி போடுங்கடி" ன்னு நான் சண்டை போட்டுத்தான் என் சோத்தை வாங்கினேன்.

செல்லமுத்து வூட்டுக்கும் வருவான். சிரிச்ச முகம். வாசல்ல செருப்பை விடும்போதே, "ஆயா, இன்னா கொழம்பு?" ன்னுவான். இலக்கியாவைத் தங்கச்சின்னு கூப்பிடுவான். அவளும் அண்ணே அண்ணேன்னு மணை எடுத்துப் போடுவா. அந்த மொறையில வெற்றிவேல் அவனுக்கு மச்சான் ஆயிட்டான்.

"என்னைக் கேட்டா எனக்கு மச்சான் ஆனான்?" ன்னு அவன் போன அப்பால வெற்றிவேல் குதிப்பான். "ஏண்டி, அவன் தட்டுல பெரிய முட்டையா பார்த்து வெச்ச?"

"முட்டையில இன்னா பெருசு சின்னது? கோழியைக் கேளு, போ."

"நான் பார்த்தேன்."

"பார்ப்ப. ரிங்குல அவன் கையைப் பாருன்னு மாஸ்டர் கத்துறாரே, அங்க பார்க்க மாட்ட. இங்க முட்டையைப் பார்ப்ப."

செல்போன்லயும் அதே கதைதான். செல்லமுத்து குத்துற வீடியோவை எவனாச்சும் போட்டா, வெற்றிவேல் அத்தத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். தப்பு கண்டுபிடிக்கப் பார்க்கிறேன்னு சொல்லுவான். யாரு யாரு அதுக்குக் கை தட்டியிருக்காங்கன்னுதான் பார்க்கிறான்னு இலக்கியா சொல்லுவா. மில்லுல கூட வேலை செய்யிற தங்கமணி தட்டியிருந்தான்னு அவன்கூட ஒரு வாரம் பேசல.

எனக்கும் செல்லமுத்து மேல ஆசை கெடையாது. நல்ல பையன்தான், இல்லேன்னு சொல்லல. ஆனா எங்க பையன் மூக்கு ஒடைஞ்சப்போ ஒரு பேப்பர்காரனும் வரல. அவன் வந்து ஆறு மாசத்துல அவன் படம் பேப்பர்ல வந்திச்சி. அவங்க அம்மா செந்தமிழ்ச்செல்வி அதுக்குப் பிரேம் போட்டு மாட்டியிருக்காளாம். மாட்டட்டும். எனக்கு இன்னா? நல்ல பையனா இருந்தா இன்னொரு ஊர்ல போய் நல்ல பையனா இருக்கக் கூடாதா? இன்னிக்கும் இத்தத்தான் சொல்லுவேன்.

உளுந்தூர்பேட்டைப் பக்கம் ஒரு கோயில் திருவிழா. பாட்டுக் கச்சேரிக்கு முன்னால கூட்டம் சேர்க்கறதுக்காக குத்துச்சண்டை வெப்பாங்க. லாரி நிறுத்துற எடத்துல கயிறு கட்டி, டியூப்லைட்டு போட்டு, மைக்குல ஒருத்தன் கத்திக்கினே இருப்பான். ஜெயிச்சவனுக்கு ஒரு கப்பு, தோத்தவனுக்கு ஒரு துண்டு. நாங்களும் போயிருந்தோம். வெற்றிவேல் மொத ஆட்டமே ஜெயிச்சான். எதிரி எழுந்திருக்கல. ஒருத்தனும் விசிலடிக்கல. மைக்குக்காரன் அவன் பேரை வெற்றிச்செல்வன்னு மாத்திச் சொன்னான். அடுத்தது செல்லமுத்து. அவன் தோத்துட்டான். வாயெல்லாம் ரத்தம். ஆனா கடைசி வரைக்கும் சிரிச்சிக்கினே திருப்பிக் குடுத்தான். அவ்ளோதான், சனம் அவனைத் தோள்ல தூக்கிக்கிச்சி. "மலை, மலை" ன்னு ஒரே கூச்சல். ஜெயிச்ச எங்க பையன் கப்பைக் கையில வெச்சிக்கினு, பொரி கடை பக்கத்துல தனியா நின்னுக்கினு இருந்தான். அந்தக் கப்பை அவன் வூட்டுக்குக் கொண்டாரல. பஸ்சுலயே விட்டுட்டான். மறந்துட்டேன்னான். மறக்கல.

இப்ப ஒரு விஷயம் சொல்லணும், அது தெரியலேன்னா மீதி புரியாது. குத்துச்சண்டையில எடையைப் பார்த்துத்தான் ஜோடி சேர்ப்பாங்க. அம்பத்தேழு கிலோவுக்கு மேல அறுபது வரைக்கும் ஒரு பிரிவு. அம்பத்தேழும் அதுக்குக் கொஞ்சம் கீழயும் வேற பிரிவு. ஒரு பிரிவுக்கு மாவட்டத்துலேர்ந்து ஒரே ஆளுதான் சென்னைக்குப் போகலாம். செல்லமுத்து முழுசா அறுபது. வெற்றிவேலும் அறுபதுலதான் ஆடுறான். ஆனா அவன் ஒடம்பு அம்பத்தெட்டத் தாண்டினதே இல்ல.

மாஸ்டர் எங்க வூட்டுக்கே வந்துட்டாரு. காபித் தண்ணியைக் கூடக் குடிக்கல. "வெற்றிவேலு, நான் சொல்றதக் கேளு. நீ ஒரு கிலோ எளைச்சிக்கினு கீழ் பிரிவுக்குப் போய்டு. அங்க நம்ம மாவட்டத்துல ஆளே கெடையாது. சண்டையே போடாம சென்னைக்குப் போகலாம். அவன் அறுபதுல போகட்டும். நம்ம கொட்டாய்லேர்ந்து ரெண்டு பேரு."

"அவனைக் கீழ போகச் சொல்லுங்க மாஸ்டர்."

"அவன் எலும்பே அறுபது கிலோடா."

"எனக்கு மட்டும் எலும்பு இல்லியா?"

"உனக்கு இன்னாடா வேணும், மெடலா, இல்ல அவனா?"

"நான் கீழ போனா அவனுக்குப் பயந்து போய்ட்டேன்னு ஊரு சொல்லும்" ன்னு வெற்றிவேல் சொன்னான். மாஸ்டர் என்னைப் பார்த்தாரு. "ஊருக்கு வேற வேலை இல்லியாடா" ன்னேன். காதுல வாங்கினாத்தானே.

எங்க ஊர்ல துரோபதை அம்மன் கோயில் தீமிதி அப்பதான் வந்திச்சி. தீ மிதிக்கிறவங்க கையில மஞ்சக் கயிறு காப்புக் கட்டிக்குவாங்க. கட்டிட்டா தீ மிதிக்கிற நாளு வரைக்கும் கவுச்சி கூடாது, ஒரே வேளைச் சோறு, பாய் தலையணை இல்லாம கோயில்லயே படுக்கணும். கட்டின காப்பை நடுவுல அவுக்க முடியாது. வெற்றிவேல் வேண்டுதல் வெச்சிக் காப்புக் கட்டப் போய் நின்னான். மாவட்டப் போட்டி அந்த விரதத்துக்கு நடுவுல வருது.

பூசாரி சடையன் கயிறைக் கையில வெச்சிக்கினு, "காப்புக் கட்டினவன் ஒருத்தன் மேல கை ஓங்கக் கூடாதுடா" ன்னாரு.

"அது சண்டை இல்ல பெரியப்பா. போட்டி."

"அடி விழுமா?"

"விழும்."

"அப்பொறம் இன்னாடா வித்தியாசம்?"

"க்ளவுசு போட்டுக்குவோம் பெரியப்பா."

சடையன் தலையில அடிச்சிக்கினு கட்டிவிட்டாரு. நான் பக்கத்துல விபூதித் தட்டோட நின்னேன். வெற்றிவேல் கண்ணை மூடிக்கினு வேண்டினது எனக்குக் கேட்டிச்சி. எனக்கு மெடல் குடு தாயேன்னு அவன் கேக்கல. செல்லமுத்துவை என் கையால கீழ தள்ளு தாயேன்னு கேட்டான். அம்மன்கிட்ட போய் நிக்கிறவன் இன்னா கேக்குறதுன்னு கூடத் தெரியாம நிப்பானா?

விரதம்னா ஒடம்பு எளைக்கும், முட்டை இல்ல, கறி இல்லன்னு அவனுக்குத் தோணவே இல்ல. எங்களுக்கும் தோணல. காப்புக் கட்டினா பலம் வரும்னுதான் எங்க ஊர்ல எல்லாரும் சொல்லுவாங்க. ஒரு வேளைச் சோத்தத் தின்னுட்டு மூட்டை தூக்கினான், வெயில்ல ஓடினான், கோயில் தரையில படுத்தான். கன்னம் ஒட்டிப் போச்சி. கண்ணு மட்டும் பெருசா, செல்லமுத்து எங்க எங்கன்னு தேடிக்கினே இருந்திச்சி.

மாவட்டப் போட்டி கள்ளக்குறிச்சியில ஒரு கல்யாண மண்டபத்துல. காலையிலயே எடை போடணும். நானும் இலக்கியாவும் போயிருந்தோம். அங்க கண்ட கூத்தை நான் எங்கயும் கண்டதில்ல. பசங்க பூரா எடையைக் கொறைக்கப் பாடுபடுறாங்க. ஒருத்தன் மழைக்கோட்டு போட்டுக்கினு மாடிப்படி ஏறி ஏறி எறங்குறான். ஒருத்தன் ஒரு டம்ளர்ல துப்பிக்கினே நிக்கிறான். இன்னொருத்தன் தலையை மொட்டை அடிச்சிக்கினே வந்துட்டான், முடி எடை கம்மியாகும்னு.

வெற்றிவேல் தராசுல ஏறி நின்னான். எடை போடுற சாரு முள்ளைப் பார்த்துட்டு, "அம்பத்தஞ்சரை" ன்னாரு. "நீ கீழ் பிரிவு தம்பி. உன் பிரிவுல வேற யாரும் பேரு குடுக்கல. நேரா சென்னைக்குப் போய்டு, வாழ்த்துக்கள்."

எனக்கு மொதல்ல வெளங்கல. இலக்கியாதான் என் கையைப் பிடிச்சிக்கினு அழுதா, சிரிச்சா. "ஆயா, போயிட்டாரு ஆயா. அம்மன் போக வெச்சிட்டா." மாஸ்டர் ரெண்டு கையையும் கூப்பினாரு. நாங்க வேண்டாத தெய்வம் எல்லாம் கூடச் சேர்ந்து அவனைத் தூக்கித் தட்டுல வெச்ச மாதிரி இருந்திச்சி.

வெற்றிவேல் தராசுலேர்ந்து எறங்கினான். "எடை போட எத்தினி மணி வரைக்கும் நேரம் இருக்கு சார்?" ன்னு கேட்டான்.

"ஒம்பது வரைக்கும். ஏன்?"

"திரும்ப வரேன்."

மண்டபத்துக்குப் பின்னால, சமையக்கட்டுக்குப் பக்கத்துல கொழாய். அங்க போயி உக்காந்து குடிக்க ஆரம்பிச்சான். அத்தனை பசங்களும் ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போகக் கூடாதுன்னு நாக்கு வறண்டு நிக்கிறாங்க. இவன் ஒருத்தன் சொம்பு சொம்பா ஊத்திக்கினு இருக்கான். இலக்கியா ஓடிப்போய் சொம்பைப் பிடிச்சா.

"இன்னா பண்ற நீ? தானா வந்த எடத்தை வுட்டுட்டு..."

"கையை எடு."

"போலீசு வேலை, போலீசு வேலைன்னு கனா கண்டியே. கதவு தொறந்து கெடக்குது. போயேன்."

"அது அவன் வுட்ட கதவு. அந்த வழியா நான் போகணுமா?"

"அவன் இன்னா வுட்டான்? ஆண்டவன் வுட்டது."

செல்லமுத்துவும் வந்தான். அவன் அப்ப வந்திருக்கக் கூடாது. வந்து, வெற்றிவேல் தோள்ல கையை வெச்சி, "மச்சான், போதும் மச்சான். நீ கீழ போய்டு. ரெண்டு பேரும் ஒரே பஸ்ல சென்னைக்குப் போலாம். நான் ஜன்னலோரம் கூட உனக்குக் குடுத்துடறேன்" ன்னான். மனசுலேர்ந்துதான் சொன்னான். அந்த நல்ல மனசுதான் வெற்றிவேலுக்கு ஆகல. நிமிர்ந்து அவனைப் பார்த்துக்கினே இன்னொரு சொம்பு குடிச்சான். நாங்க கொண்டாந்த கூடையில இருந்த அன்னிக்கான ஒரு வேளைச் சோத்தையும் அங்கயே அள்ளிப் போட்டுக்கினான். குனிஞ்சா வெளிய வந்துடும்ங்கிற மாதிரி வயித்தை நிமித்திக்கினு நடந்து வந்து தராசுல ஏறினான். முள்ளு அம்பத்தேழத் தாண்டி மயிரிழை போயி நின்னுச்சி.

"அறுபது பிரிவு" ன்னான். சாரு அவனை ஏற எறங்கப் பார்த்தாரு. "உன் இஷ்டம் தம்பி" ன்னுட்டு எழுதிக்கினாரு. மாஸ்டர் வெளிய போயி சுவத்தப் பார்த்துக்கினு நின்னாரு.

ஒம்பதரைக்கெல்லாம் சண்டை. அறுபது பிரிவுல இவங்க ரெண்டே பேருதான். நான் பிளாஸ்டிக் நாற்காலியில உக்காந்து, முந்தானையை வாயில வெச்சிக்கினேன். மஞ்சக் கயிறு மேலயே துணி சுத்தி, க்ளவுசு மாட்டிவிட்டாரு மாஸ்டர். உள்ளதை உள்ளபடி சொல்லணும், மொத ரவுண்டுல எங்க பையன் பிரமாதமா ஆடினான். எளைச்ச ஒடம்புல்ல, காலு காத்தாட்டம் போகுது. செல்லமுத்து முகத்துல மூணு நாலு நல்ல குத்து. நான் எழுந்து நின்னு கத்தினேன். இன்னா கத்தினேன்னு எனக்கே தெரியாது, பக்கத்துல இருந்த அம்மா தள்ளி உக்காந்துக்கிச்சி.

ரெண்டாவது ரவுண்டுல செல்லமுத்து முகத்தை வுட்டுட்டான். குனிஞ்சி, வயித்துல ஒண்ணு வெச்சான். அவ்ளோதான். வெற்றிவேல் ரெண்டா மடிஞ்சி மண்டி போட்டான். காலையில குடிச்ச தண்ணியும் சோறும் மொத்தமா தார்ப்பாய் மேல வந்திச்சி. கூட்டத்துல மொதல்ல யாரோ ஒருத்தன் சிரிச்சான். அப்பால மண்டபமே சிரிச்சிச்சி. நடுவரு எண்ணக் கூட இல்ல, கையை ஆட்டி நிறுத்திட்டாரு. ஒருத்தன் வாளியும் துடைப்பமும் எடுத்துக்கினு வந்தான்.

செல்லமுத்து கையை ஒசத்தல. முட்டி போட்டு, வெற்றிவேல் முதுகைத் தடவிவுட்டான். வெற்றிவேல் அந்தக் கையைத் தட்டிவுட்டான். அதுவும் எல்லாரும் பார்த்தாங்க.

கீழ் பிரிவுல எங்க மாவட்டத்துக்கு ஆளே இல்லாம காலியாப் போச்சி.

இதுல பெரிய கொடுமை அதுக்கு அப்பாலதான். வேண்டுதல் பலிக்கல, ஆனா காப்பு கையில இருக்கே. அவுக்க முடியாது. தோத்தவன் ஒரு வேளைச் சோறு தின்னுக்கினு, கோயில் தரையில படுத்துக்கினு, ஊரு சனம் "இன்னாடா, தண்ணி வேணுமாடா?" ன்னு கேலி பேச, மீதி நாளையும் ஓட்டினான். வெள்ளிக்கெழமை தீயில எறங்கினான். எறங்குறவங்க எல்லாம் கோவிந்தா கோவிந்தான்னு ஓடுவாங்க. இவன் நெருப்பு மேல மெதுவா நடந்தான். சடையன் பயந்து போயி அந்தப் பக்கத்துலேர்ந்து கையைப் பிடிச்சி இழுத்தாரு. பாதம் கொப்புளம் போட்டுடுச்சி. நான் வெண்ணெய் தடவினேன்.

சென்னைக்குப் போறதுக்கு முன்ன செல்லமுத்து வந்தான். வாசல்லயே நின்னான், இந்தத் தடவை கொழம்பு கேக்கல. "மச்சான், ரிங்கு மூலையில நின்னு தண்ணி குடுக்க, தொடைச்சிவுட எனக்கு ஒரு ஆளு வேணும். மாஸ்டர் ஒருத்தரால முடியாது. நீ வரியா?"

வர மாட்டான்னு நான் நெனச்சேன். "வரேன்" னான். ஏன்னு எனக்குத் தெரியும். செல்லமுத்து ஜெயிச்சாலும் பார்க்கணும், தோத்தாலும் பார்க்கணும். பார்க்காம வூட்டுல உக்காந்திருந்தா இவன் செத்துடுவான். இலக்கியாவும் கூடப் போனா. அங்க நடந்தது அவ சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

செல்லமுத்து மொத சண்டையிலயே தோத்துட்டான். எதிரி யாரோ பெரிய எடத்துல பயிற்சி எடுத்தவன். மூணு ரவுண்டும் நின்னான், ஆனா ஒண்ணும் நடக்கல. வெற்றிவேல் வாளியோட மூலையில நின்னான். மூணாவது ரவுண்டுக்கு முன்ன அவன் முகத்தைத் தொடைக்கும்போது, வெற்றிவேல் ஒதட்டுல ஒரு சிரிப்பு வந்து ஒட்டிக்கினு இருந்ததுன்னு இலக்கியா சொன்னா. "நான் பார்த்தேன் ஆயா. எனக்கு அவரைப் பிடிக்காமப் போன நேரம் அது ஒண்ணுதான்."

அந்தச் சிரிப்பும் நெலைக்கல. அடுத்து கீழ் பிரிவு. ஆளே கம்மியா வந்திருக்காங்க. எந்த ஊரோ ஒரு ஒல்லிப் பையன், கையை எப்படித் தூக்குறதுன்னு கூடச் சரியாத் தெரியல, ஒரே ஒரு சண்டை ஜெயிச்சான். அதுக்கே அவனுக்கு மூணாவது மெடல். மேடையில ஏத்தி, கழுத்துல மாட்டி, போட்டோ புடிச்சாங்க. அவங்க அம்மா அந்த மெடலைக் கடிச்சிப் பார்த்துச்சாம்.

செல்லமுத்து வீங்கின வாயோட, ஐஸ்கட்டியை வெச்சிக்கினே, சாதாரணமா சொல்லிட்டான்: "மச்சான், இவனை நீ ஒரு ரவுண்டுல முடிச்சிருப்ப."

வெற்றிவேல் கையில இருந்த வாளி கீழ விழுந்திச்சி. மண்டபத்துல அடி வாங்கினப்போ அழாதவன், அங்க வாசப்படியில உக்காந்து அழுதானாம்.

திரும்பி வரும்போது உளுந்தூர்பேட்டையில பஸ் நின்னுச்சி. செல்லமுத்து புரோட்டா வாங்கி, கடிக்க முடியாம பிச்சிப் பிச்சி முழுங்கினான், பக்கத்துல இருந்தவங்ககிட்ட தான் அடி வாங்கின கதையைச் சொல்லிச் சிரிச்சிக்கினு. வெற்றிவேல் எறங்கவே இல்ல. ஊரு வந்து சேர்ற வரைக்கும் அந்த ஒல்லிப் பையன் பேரு இன்னா, எந்த ஊரு, மில்லுல வேலையா, படிக்கிறானான்னு மாஸ்டரை நோண்டிக்கினே வந்தானாம்.

அப்பால செல்லமுத்து க்ளவுசைக் கொண்டாந்து மாஸ்டர் கையில குடுத்துட்டு, மலைக்கே போய்ட்டான். மரவள்ளி நடுறான். கல்யாணமும் ஆயிடுச்சி. எனக்குத் தேன் குடுத்தனுப்பினான். வாங்கிக்கினேன். தேன் மேல எனக்கு இன்னா கோவம்?

போன மாசம் வெற்றிவேல் காலை பஸ்ஸு புடிச்சி வெள்ளிமலைக்குப் போனான். மில்லுக்கு லீவு போட்டுட்டுப் போனான். பொழுது சாஞ்சி வந்தான். நான் சோறு போட்டேன். ரெண்டு வாய் தின்னுட்டுக் கையை நிறுத்திட்டான்.

"இன்னாடா, அங்க சண்டையா?"

"இல்ல ஆயா. வா, இன்னொரு தடவை நம்ம ரெண்டு பேரும் ஆடலாம், கொட்டாய்ல, யாரும் பார்க்க வேணாம்னு கூப்பிட்டேன். கெழங்குக் குச்சியை நட்டுக்கினே, 'எனக்குப் போதும் மச்சான்' ங்கிறான். சிரிக்கிறான். அவன் பொண்டாட்டி கம்பங்கூழு குடுத்தா. குடிச்சிட்டு வந்தேன்."

"சரி, அவனுக்குப் போதும்னா வுடு."

"எப்படி ஆயா அவனால வுட முடிஞ்சிது? அவ்ளோ நல்லாக் குத்துவான். தூக்கிப் போட்டுட்டு, ஒண்ணுமே இல்லாத மாதிரி குச்சி நடுறான். தூங்குறானாம். நல்லாத் தூங்குறேன்னு சொல்றான்."

நான் அவன் தட்டுல இன்னொரு கரண்டி கொழம்பு ஊத்தினேன். "அப்ப நீயும் வுட்டுடுடா. வயசும் போச்சி, மனுவும் போச்சி. மூக்கு ஒண்ணுதான் மிச்சம். நிம்மதியா இரு."

"இப்ப எப்படி ஆயா வுடறது?" ன்னான். "அவன் வுட்டதைப் பார்த்து நானும் வுட்டேன்னு ஆயிடும்ல."

இலக்கியா அடுப்பாண்டேர்ந்து திரும்பி என்னைப் பார்த்தா. நானும் அவளைப் பார்த்தேன். வெற்றிவேல் மீதிச் சோத்தை வேகமா அள்ளிப் போட்டுக்கினு, கையைக் கழுவிட்டு, விடியக்காலம் ஓடறதுக்கு அலாரம் வெக்கச் சொல்லி இலக்கியாகிட்ட செல்போனை நீட்டினான்.